பசிக்கல என்று சொன்னவள்

அத்தியாயம் 11

பானை வாயைக் கட்டியிருந்த துணியை அவிழ்த்து வெள்ளையம்மாள் உள்ளே கையை விட்டாள். ஒன்றும் தட்டுப்படவில்லை. இன்னும் உள்ளே விட்டாள். முழங்கை வரை போன பிறகுதான் விரலில் ஒரு அதிரசம் பட்டது.

"அம்மா!"

அந்தச் சத்தத்தில் வாசலில் மேய்ந்துகொண்டிருந்த கோழிகள் கலைந்து ஓடின.

முந்தின நாள் வீட்டுப் பெண்கள் மூன்று பேரும் அடுப்படியிலேயே கிடந்து சுட்ட தினை அதிரசம் அது. பானையின் கழுத்து வரை அடுக்கியிருந்தார்கள். நாளைக் காலையில் வெள்ளையம்மாளின் மகள் முத்தம்மாவுக்கு மாரியம்மன் கோயிலில் காது குத்து. புதூர்நாட்டுப் பக்கத்திலிருந்து வெள்ளையம்மாளின் மாமியார் வீட்டு ஜனமெல்லாம் வருகிறது. தாய்மாமன் சீரில் வேறு எது முன்னே பின்னே இருந்தாலும் யாரும் பேச மாட்டார்கள். பலகாரத்தட்டு குறைந்தால் ஆயுசு பூரா பேசுவார்கள்.

அதிரசம் எங்கே போனது என்று அந்த வீட்டில் இரண்டு பேருக்குத் தெரியும். ஒருத்தி, வெள்ளையம்மாளைப் பெற்ற கெங்கம்மாள். இன்னொருத்தி, கெங்கம்மாளின் மருமகள் ரஞ்சிதம். ரஞ்சிதத்துக்குத் தெரியும் என்பது மட்டும் கெங்கம்மாளுக்குத் தெரியாது.

நேற்றுச் சாயங்காலம் விறகெடுக்கப் பின்பக்கம் போன ரஞ்சிதம் எதைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினாள் என்பது போன வாரம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். தானியக் குதிர் இருக்கும் உள்ளறையில், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள் மாமியார். இரண்டு கையாலும் மாற்றி மாற்றி வாயில் திணித்துக்கொண்டிருந்தாள். மெல்லக்கூட இல்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து மோவாயில் ஒட்டியிருந்த வெல்லப்பாகோடு சேர்ந்துகொண்டிருந்தது. வந்த சுவடு தெரியாமல் ரஞ்சிதம் பின்வாங்கிவிட்டாள்.

யார் சொன்னாலும் ஊர் நம்பாது. கெங்கம்மாள் என்றால் விரதம். செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் பச்சைத் தண்ணீர்தான். மற்ற நாளிலும் எல்லாரும் உண்டபிறகு சட்டியை வழித்து ஏதோ பேருக்கு ஒரு உருண்டை. போன மாதம் வயிற்று வலி என்று அவளைத் திருப்பத்தூருக்கு பஸ் ஏற்றிக்கொண்டு போனான் மகன் சக்கரவர்த்தி. "வேளாவேளைக்குச் சாப்பிடுறீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டாள். "எங்கம்மா எங்க டாக்டரு சாப்புடுது, எந்நேரமும் விரதம்தான்" என்று இவனே பெருமையோடு பதில் சொன்னான். கெங்கம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

இப்போதும் குனிந்துதான் இருந்தாள். வாசலில் புளியை உடைத்துக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தவள், மகள் கூப்பிட்டதும் கையிலிருந்த சுத்தியைக் கீழே வைத்தாள். எழுந்து போகவில்லை.

வெள்ளையம்மாள் பானையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

"இங்க பாரு! பாதிகூட இல்ல. பூனை துன்னா துணி கட்டியிருக்குமா? எலி துன்னா தூளு கெடக்காதா?"

கெங்கம்மாள் புளியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அந்த நேரம் பார்த்து, மரத்தடியிலிருந்து புளி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு சக்கரவர்த்தி வந்து சேர்ந்தான். அவன் பின்னாலேயே பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு சல்லடை இரவல் கேட்டு வந்து, வாசலில் கிடந்ததைத் தானே எடுத்துக்கொண்டாள்.

"இன்னா வெள்ள, காலங்காத்தால?"

"உன் பொண்டாட்டியக் கேளுண்ணா. நேத்து அவ நைனா வந்தாரில்ல? கொள்ளு வெத வாங்கிகினு போனாரில்ல? போவும்போது பை இத்தாம் பெருசு இருந்துது. அப்பவே நெனச்சேன்."

ரஞ்சிதம் அடுப்படி வாசற்படியில் நின்றாள். கையில் சாணி உருண்டை. மெழுக ஆரம்பித்ததைப் பாதியில் விட்டு வந்தவள்.

"எங்க நைனா கொள்ளுதான் எடுத்துகினு போனாரு" என்றாள்.

"அப்ப அதிரசம் காலு மொளைச்சி நடந்து போச்சா?"

சக்கரவர்த்தி மூட்டையை இறக்காமலே கேட்டான். "சொல்லு ரஞ்சிதம். குடுத்திருந்தா குடுத்தேன்னு சொல்லிடு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவன் அதட்டியிருந்தால் அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது. குடுத்திருப்பாள் என்று நம்பிவிட்டு மன்னிக்கவும் தயாராக நின்றானே, அதுதான் வலித்தது. அவள் மாமியாரைப் பார்த்தாள். கெங்கம்மாளின் விரல்கள் ஒரு புளியங்கொட்டையை இறுக்கிப் பிடித்திருந்தன. முகம் வெளுத்து, உதடு காய்ந்து, இப்போதே பிடித்து ஊர் நடுவில் நிறுத்திவிடுவார்களோ என்பது போல் உட்கார்ந்திருந்தாள்.

கல்யாணமாகி மூன்று வருஷம். வயிறு திறக்கவில்லை என்று ஊர்ப்பெண்கள் தண்ணீர்த் துறையில் பேசியபோது, குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "என் வூட்டுப் பொண்ணப் பத்தி என் எதுருல பேசுங்கடி" என்று நின்றவள் இவள். அன்று கெங்கம்மாள் நின்ற நிற்பு ரஞ்சிதத்தின் கண்ணுக்குள் இருந்தது.

"நான்தான் துன்னேன்" என்றாள்.

"நீயா? அவ்ளோத்தையுமா?"

"ஆமா."

"எதுக்கு?"

"துன்னணும்னு இருந்துது. துன்னுட்டேன்."

முதலில் சிரித்தது அம்மாக்கண்ணு. சல்லடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கையைத் தட்டிச் சிரித்தாள்.

"அட, கூறு கெட்டதுங்களா! மூணு வருசமா இல்லாத ஆசை, பானைய காலி பண்ற ஆசை, ஒரு பொண்ணுக்கு எப்படி வரும்? நீயும் ஒண்ணு பெத்தவதானே வெள்ளையம்மா, உனக்குமா தெரியல? நான் மூத்தவன சுமக்கும்போது ஒரு பலாப்பழத்த ஒத்தையா துன்னேன்டி!"

சக்கரவர்த்தியின் தோளிலிருந்து மூட்டை தானாக நழுவியது.

"நெசமா?" என்றான். அவன் குரல் அவனுக்கே கேட்டிருக்காது.

மறுக்க ரஞ்சிதம் வாயைத் திறந்தாள். ஒன்றை மறைக்கச் சொன்னது இன்னொன்றாக வளர்ந்து எதிரே நின்றது. வெள்ளையம்மாள் பானையைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தாள். சாணி ஒட்டிய கையென்றும் பார்க்காமல் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் அண்ணி சொல்லல? நான் பாவி, இன்னா இன்னாவோ பேசிட்டேனே. வாய்ல வசம்பு வைக்கணும் எனக்கு."

அம்மாக்கண்ணு சல்லடையோடு கிளம்பிவிட்டாள். இனி அவள் கால் வீட்டில் நிற்குமா?

சக்கரவர்த்தி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான். துடைக்க அங்கே வேர்வை இல்லை. துண்டுக்குள்ளிருந்து முகம் வெளியே வந்தபோது அது சின்னப் பையனின் முகமாக இருந்தது.

அந்த முகத்தைக் கெங்கம்மாள் பார்த்தாள்.

அவளுக்கு அது பழக்கமான முகம். புருஷன் காய்ச்சலில் போய், மழையும் இல்லாமல் மலையே வெந்து கிடந்த காலத்தில், எங்கோ காட்டு வள்ளிக்கிழங்கு ஒன்று தோண்டி மடியில் கட்டிக்கொண்டு வந்தால், வாசலில் காத்திருக்கும் முகம். மடியை அவிழ்ப்பதற்கு முன்பே மலர்ந்துவிடும். ஒரு நாளும் அந்த முகத்தை அவள் ஏமாற்றி அனுப்பியதில்லை.

இப்போது தன் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், இன்னும் இரண்டு மாதத்தில் அவன் ஏமாறுவான். அவன் ஏமாறும்போது எல்லாருடைய கண்ணும் ரஞ்சிதத்தின் மேல் திரும்பும்.

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"அவ துன்னல."

யாருக்கும் புரியவில்லை.

"அவளப் பாக்காத சக்கரவர்த்தி. என்னப் பாரு. நான்தான் துன்னேன். நேத்து உள்ளறயில குந்திகினு நான் துன்னேன். மாசமும் இல்ல, ஒண்ணும் இல்ல. என் மானத்த காப்பாத்த அது தலைய குடுத்துட்டு நிக்குது."

"அத்தே!" என்றாள் ரஞ்சிதம்.

"உடுடி. போதும்."

சக்கரவர்த்தி மனைவியைப் பார்த்தான். அவள் தலையை மட்டும் இல்லை என்று அசைத்தாள். அவன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு வெளியே போனான். கொஞ்ச தூரம் போய், சாமைக் கொல்லையின் வரப்பில் அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டான்.

வெள்ளையம்மாளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

"உன்ன யாருமா துன்னாதன்னு சொன்னது? கேட்டா நாங்க குடுக்க மாட்டமா? பேத்தி சீருன்னு சுட்டத திருட்டுத்தனமா... நாளைக்கி என் மாமியாருக்கு இன்னா பதில் சொல்றது நான்?"

"தெரியல."

"தெரியலன்னா?"

"எனக்கே தெரியலடி!" என்றாள் கெங்கம்மாள். தாயின் குரல் அப்படி உடைந்து வெள்ளையம்மாள் கேட்டதே இல்லை. "வேணும்னு துன்னா சொல்லத் தெரியும். பசிச்சித் துன்னா சொல்லத் தெரியும். இது அது ரெண்டும் இல்ல."

அவள் மெல்ல உட்கார்ந்தாள். பேச ஆரம்பித்தபின் நிறுத்த முடியவில்லை.

"உங்க நைனா போன காலத்துல, புளியங்கொட்டைய வறுத்து ஊறப்போட்டு வேகவச்சிக் குடுத்தேனே, நெனப்பு இருக்குதா? உனக்குக் கொஞ்சம், அவனுக்குக் கொஞ்சம். 'நீ துன்னியாம்மா'ன்னு அவன் கேப்பான். பசிக்கலன்னு சொல்லுவேன். சொல்லிச் சொல்லி அதுவே பழகிப்போச்சி. அப்பால சாமை வெளைஞ்சுது, குதிரு நெறஞ்சுது, மருமவ வந்தா. ஆனா உங்க எதுருல தட்ட நீட்ட எனக்குக் கூச்சமா பூடுச்சி. பசிக்கலன்னு சொன்ன வாய எப்பிடித் தொறக்கறது? விரதம்னேன். எல்லாரும் கும்பிட்டாங்க. பகலெல்லாம் தாங்கிடும். அப்பால வூட்ல யாரும் இல்லாத நேரம் வரும் பாரு. ஒண்ணே ஒண்ணுன்னு எடுப்பேன். அதுக்கப்புறம் கை என் பேச்சு கேக்காது. பழைய களி, வெல்லம், பச்ச மாவு, எதுன்னு பாக்காது. வயிறு கிழியற மாதிரி வலிக்கும். அப்பவும் நிக்காது."

"அம்மா..."

"முடிஞ்சதும் அழுவேன். சீன்னு ஆயிடும். நாளைக்கிப் பச்சத் தண்ணிகூட தொடக்கூடாதுன்னு மாரியாத்தா மேல சத்தியம் பண்ணுவேன். மறுநா பூரா தொட மாட்டேன். அந்தப் பட்டினிதான் மறுபடியும் உள்ளறைக்கு இஸ்துகினு போவும்."

வெள்ளையம்மாள் தாயின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவள் மடியில் ஏறி உட்கார்ந்த முத்தம்மா தாயின் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். வெள்ளையம்மாள் குழந்தையின் கையை விலக்கவில்லை.

"சட்டியில மிச்சம் இருந்தா நான்தான் உன் பங்கும் கேப்பேன்" என்றாள் கடைசியில். "குடுத்துடுவ. ஒரு நாளாவது திரும்பி உன் தட்டப் பாத்தனா நான்?"

"கொழந்தடி நீ."

"இப்ப இன்னா, இப்பவுமா கொழந்த? வந்து நாலு நாளாச்சி. நீ எப்ப துன்னன்னு இன்னிக்கிக் கேட்டாக்கூட எனக்குத் தெரியாது."

வெள்ளையம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பக்கத்திலேயே இருந்த தாயைக் கையை நீட்டித் தொடவில்லை. தொடத் தனக்குத் தகுதி இல்லை என்று நினைத்தாளோ என்னவோ.

ரஞ்சிதம் கையைக் கழுவிக்கொண்டு வந்து மாமியார் எதிரே குந்தினாள்.

"அத்தே, ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காதீங்க. நான் பலாப்பழ காலத்துலேர்ந்தே சந்தேகப்பட்டுகினு இருந்தேன். நேத்துதான் கண்ணால பாத்தேன்."

கெங்கம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். "பாத்துட்டியா."

"பாத்தேன். அதுக்கென்ன இப்ப? நான் கவனிச்சிகினு வந்ததுல, நீங்க விரதம் இல்லாத நாளு, எங்ககூட காலைல கூழு குடிச்ச நாளு, உள்ளறப் பக்கம் தலவச்சிக்கூட படுக்கல. வெறும் வயித்தோட கெடந்த அன்னிக்கிதான் போறீங்க. அப்பிடித்தான் தோணுது எனக்கு. தப்பாவும் இருக்கலாம்."

"அப்ப விரதத்த உட்டுடச் சொல்றியா? சாமி குத்தமாயிடாதா?"

"சாமிக்கு இன்னா அத்தே? நீங்க பட்டினி கெடந்தா அவளுக்கு வயிறு நெறையுதா?"

கெங்கம்மாளுக்கு அந்த நிலையிலும் உதட்டோரம் லேசாக அசைந்தது. "வாயப் பாரு" என்றாள்.

படல் கிரீச்சிட்டது. சக்கரவர்த்தி திரும்பி வந்திருந்தான். கண் சிவந்திருந்தது. யாரையும் பார்க்காமல் தண்ணீர்ப் பானையிலிருந்து மொண்டு குடித்துவிட்டு, தாயின் எதிரே தரையில் உட்கார்ந்தான்.

"டாக்டரம்மா உன்னத்தானம்மா கேட்டா" என்றான். "நீ வாயத் தொறக்கறதுக்குள்ள நான் பதில் சொன்னேன் பாரு."

"நீ இன்னா பண்ணுவ. பெருமையாத்தானே சொன்ன."

"அந்தப் பெருமைதான் உன்னக் கொன்னுது."

அவன் மனைவியின் பக்கம் திரும்பினான். "களி கிண்டிட்டியா?"

"காலைலயே கிண்டி வச்சிட்டேன். மொச்சக் கொழம்பும் இருக்குது."

"எடுத்துகினு வா. எல்லாருக்கும் ஒண்ணா."

அந்த வீட்டில் சாப்பாட்டுக்கு ஒரு வரிசை இருந்தது. முதலில் சக்கரவர்த்தி. அவன் கை கழுவிய பிறகு விருந்தாளி இருந்தால் விருந்தாளி, பிறகு ரஞ்சிதம். ரஞ்சிதம் எவ்வளவு மன்றாடினாலும் கடைசியில்தான் கெங்கம்மாள். இன்று நாலு தட்டும் ஒரே நேரத்தில் தரையில் வந்து உட்கார்ந்தன. கேழ்வரகுக் களி உருண்டையின் நடுவே குழி செய்து ரஞ்சிதம் குழம்பை ஊற்றினாள். மாமியாரின் தட்டை முதலில் வைத்தாள்.

"அப்பால துன்றேனே" என்றாள் கெங்கம்மாள்.

யாரும் சாப்பிட ஆரம்பிக்கவில்லை.

அவள் கையை நீட்டினாள். விரல்கள் களியில் பதிந்தன. ஒரு விள்ளல் எடுத்து, குழம்பில் தோய்த்து, வாயருகே கொண்டுபோய் நிறுத்தினாள். மூன்று ஜோடிக் கண்ணும் தன் மேல் இருப்பது தெரிந்தது. வியர்த்தது. உள்ளறையில், யாருமில்லாத இருட்டில், ஒரு பானையே உள்ளே போகும். இந்த வெளிச்சத்தில் ஒரு விள்ளல் வாய்க்குள் போக மறுத்தது.

சக்கரவர்த்தி அதைக் கவனித்தான். தட்டை நோக்கிக் குனிந்து, மாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். செவலைக்குக் காலில் முள் ஏறியிருக்கிறது, படவேட்டுச் சந்தையில் லாடக்காரனிடம் காட்ட வேண்டும், இப்படி. வெள்ளையம்மாளும் புரிந்துகொண்டு மூக்கை உறிஞ்சியபடி, "எந்தக் காலுண்ணா?" என்று கேட்டாள். பேச்சு போய்க்கொண்டிருந்தபோது, யாரும் பார்க்காத மாதிரி இருந்தபோது, கெங்கம்மாள் விழுங்கினாள்.

இன்னொரு விள்ளல். பிறகு இன்னொன்று. முத்தம்மா ஆயாவின் தட்டிலிருந்து ஒரு மொச்சையைத் திருடித் தின்றாள்.

உருண்டை முடிந்தது. தட்டின் நடுவில் குழம்பு மட்டும் இருந்தது. கெங்கம்மாள் மருமகளின் பக்கம் குனிந்து கிசுகிசுத்தாள்.

"எனக்கு இது போதுமா, போதாதான்னு தெரியலடி. நெறஞ்சுதா இல்லியான்னு வயிறு சொல்ல மாட்டேங்குது."

"கொஞ்ச நேரம் சும்மா குந்துங்க. வேணும்னு இருந்தா கேளுங்க. சட்டி எங்கயும் போவாது."

கெங்கம்மாள் காத்திருந்தாள். சக்கரவர்த்தி சாப்பிட்டு முடித்தான். எழுந்திருக்காமல் அவனும் காத்திருந்தான். வெளியே காற்றில் புளியமரம் சலசலத்தது.

"இன்னும் கொஞ்சம் வை" என்றாள் கெங்கம்மாள்.

அந்த வீட்டில் அவள் வாய்விட்டுக் கேட்ட முதல் சோறு அது. ரஞ்சிதம் அரை உருண்டை வைத்தாள். அதைத் தின்றுவிட்டு, "போதும்" என்று தானாகவே தட்டை நகர்த்தினாள். நகர்த்திவிட்டு, தான் சொன்னதைத் தானே நம்பாதவள் போல அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாடு முடிந்ததும் வேலை காத்திருந்தது. சாமிக்குப் படைக்கவென்று தனியாக எடுத்து வைத்திருந்த அதிரச மாவு ஒரு சட்டி நிறைய இருந்தது. அதைச் சுட்டு அடுக்கினால் தட்டு நிரம்பிவிடும். படையலுக்குத் தினைமாவும் தேனும் போதும் என்று வெள்ளையம்மாளே சொன்னாள். எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றினார்கள்.

கெங்கம்மாள் மட்டும் அடுப்படிக்குள் வரவில்லை.

"நான் வாசல்லயே இருக்கறேன். எனக்கு என்மேலயே நம்பிக்க இல்ல."

"நீங்க தட்டித் தராம எனக்கு எப்பிடி அத்தே ஓரம் வெடிக்காம வரும்? வாங்க, என் பக்கத்துல குந்துங்க."

"மறுபடியும் கை போச்சின்னா?"

"போவும். இன்னிக்கி இல்லன்னா இன்னொரு நாளைக்கிப் போவும். போவற மாதிரி இருந்தா என்னக் கூப்புடுங்க. 'ரஞ்சிதம், கை போவுதுடி'ன்னு சொல்லுங்க. வந்து கூட குந்துறேன். அப்பிடியும் போயிடுச்சின்னா, மறுநா பட்டினி கெடக்காம காலைல கூழு குடிங்க. அவ்ளோதான்."

அப்படி ஒருத்தி தன் பக்கத்தில் வந்து குந்துவாள் என்று கெங்கம்மாள் இதுவரை நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. தயங்கித் தயங்கி உள்ளே வந்து உட்கார்ந்தாள். இலையில் எண்ணெய் தடவி, மாவைத் தட்டித் தட்டிக் கொடுத்தாள். முதல் அதிரசம் பொங்கி மேலே வந்ததும், ரஞ்சிதம் அதை எடுத்து, எண்ணெயை வடித்து, பாதியாகப் பிய்த்து ஒரு பாதியை மாமியாரிடம் நீட்டினாள்.

"வேணான்டி."

"சூட்டோட பாருங்க. பதம் சரியான்னு சொல்லுங்க."

கெங்கம்மாள் ஊதி ஊதித் தின்றாள். மென்றாள். திடீரென்று நிமிர்ந்தாள்.

"சுக்கு போட்டிருக்கியா இதுல?"

"நேத்தே போட்டதுதானே அத்தே. இதே மாவுதான்."

கெங்கம்மாள் கையிலிருந்த மிச்சத்தைப் பார்த்தாள். நேற்று அவள் தின்ற அத்தனையிலும் இதே சுக்கு இருந்திருக்கிறது. ஒன்றில்கூட அவளுக்கு அது தெரியவில்லை. மிச்சத்தை மெல்ல வாயில் போட்டுக்கொண்டு, நாக்கில் காரம் தணியும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு, "நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டு அடுத்த மாவு உருண்டையை எடுத்துத் தட்ட ஆரம்பித்தாள்.

விறகு தீர்ந்தது. எடுக்கப் பின்பக்கம் போன ரஞ்சிதத்தின் பின்னாலேயே சக்கரவர்த்தி வந்தான். கட்டையைத் தான் வாங்கிக்கொண்டு, போக விடாமல் நின்றான்.

"உன் நைனாவ சந்தேகப்பட்டுட்டேன்."

"ம்."

"கோவமா?"

"இருக்குது. அப்பால சண்ட போடறேன். அடுப்பு அணைஞ்சிரும்."

அவன் சிரிக்க முயன்றான். முடியவில்லை. "அம்மாக்கண்ணு சொன்னதும், ஒரு நிமிசம்... நான் பேருகூட யோசிச்சிட்டேன் ரஞ்சிதம்."

அவள் அவன் சட்டையில் ஒட்டியிருந்த புளிநாரை எடுத்துப் போட்டாள்.

"எனக்குத் தெரியும் பொய்யின்னு. ஆனாலும் உன் மொகத்தப் பாத்தப்ப, அந்த ஒரு நிமிசம் நல்லாத்தான் இருந்துது" என்றாள்.

அவன் விறகோடு அவள் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். முன்பக்கத்திலிருந்து வெள்ளையம்மாளின் குரல் கேட்டது.

"அண்ணி! சீக்கிரம் வாயேன் இங்க!"

அடுப்பு அணைந்துவிட்டதோ என்று ஓடினார்கள். வெள்ளையம்மாள் வேலியோரம் நின்று சரிவைக் காட்டினாள்.

கீழே ஒற்றையடிப் பாதையில் இரண்டு பேர் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் ரஞ்சிதத்தின் அம்மா. தலையில் ஒரு மூட்டை, கையில் தேன் கலயம். ஏற்றத்தில் அவள் ஓடாத குறை. பின்னால் ரஞ்சிதத்தின் நைனா ஒரு வாழைத்தாரைத் தோளில் சுமந்துகொண்டு மூச்சு வாங்க வந்தார். அம்மாக்கண்ணு தண்ணீர்த் துறையில் சொன்னது, மாடு மேய்க்கப் போனவர்களின் வாயில் மேட்டைத் தாண்டி, அந்தப் பக்கத்து ஊருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

ரஞ்சிதத்தின் முகத்தில் ரத்தம் இல்லை. மூன்று வருஷமாகத் தாய் எத்தனை கோயில் படி ஏறினாள் என்று அவளுக்குத் தெரியும்.

"இன்னான்னு சொல்றது?" என்றாள் வெள்ளையம்மாள். "அண்ணி சாப்புடலன்னா, அப்ப யாரு சாப்ட்டாங்கன்னு கேப்பாங்க. நாளைக்கி என் மாமியார் காதுக்கும் போவும்."

"ஏதாவது சொல்லிக்கலாம்" என்றான் சக்கரவர்த்தி அவசரமாக. "அம்மாக்கண்ணு சும்மா வெளாட்டுக்குச் சொன்னான்னு..."

அடுப்படி வாசலில் கெங்கம்மாள் வந்து நின்றிருந்தாள். கையில் மாவு. எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். கையை முந்தானையில் துடைத்தாள். கலைந்திருந்த கொண்டையை அவிழ்த்து முடிந்துகொண்டாள்.

"ரஞ்சிதம், நீ போயி சட்டியப் பாரு, எண்ண காயுது. உங்கம்மாகிட்ட நான் பேசறேன்."

"அத்தே, வேணாம். நான் எப்பிடியாவது..."

"நீ ஒருவாட்டி சொன்னதே போதும்டி."

படலைத் தள்ளிக்கொண்டு அவள் சரிவில் இறங்கினாள். நாலடி போவதற்குள் கீழேயிருந்து ரஞ்சிதத்தின் அம்மா அவளைப் பார்த்துவிட்டாள். மூட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, தேன் கலயத்தை உயரத் தூக்கிக் காட்டி, மலை முழுதும் கேட்கும்படி கூவினாள்.

"சம்மந்தீ! நம்ம மாரியாத்தா கண்ணத் தொறந்துட்டா சம்மந்தீ!"

கெங்கம்மாளின் கால் ஒரு கணம் நின்றது. பிறகு, அவள் வேகமாக நடந்தாள்.